நம்பிராஜன் முனை

"எனக்கு எப்பத்தான் மாஸ்டர் சொல்லித் தருவிய?"

சலேத் கடற்கரை மணலில் காற்றுப்பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஒரு இடம் கொண்டு வாங்க அண்ணாச்சி. சொல்லித் தாரேன்."

கேட்ட நம்பிராஜனுக்கு நாற்பத்தேழு வயது. மாஸ்டருக்கு முப்பத்திரண்டு. சின்னவளிடம் போய்க் கைகட்டி நிற்கிறோமே என்ற கூச்சம் அவருக்கு முதல் நாளோடு போய்விட்டது. அவளை அலைமேல் பார்த்த பிறகு அந்தக் கூச்சம் யாருக்கும் மிஞ்சாது.

பலகையில் ஒரு பாயைக் கட்டிக்கொண்டு, நின்றபடியே காற்றில் ஓட்டுகிறார்களே, விண்ட்சர்ஃபிங், அதைச் சொல்லித்தருகிறவர்கள் இப்போது பல ஊரில் உண்டு. அவர்களெல்லாம் குளம் போலக் கிடக்கிற தண்ணீரில் ஓட்டுகிறவர்கள். தப்பில்லை. பாவம், அதுவும் கஷ்டம்தான்.

சிப்பிமுனை சலேத் அலையில் ஓட்டுகிறவள்.

அலை எழும்போது அதன்மேல் ஏறுவாள். அது உடையப்போகிற நேரத்தில் உச்சியிலிருந்து சறுக்கி இறங்குவாள். அடியில் வளைந்து, உடைகிற நுரைக்கு முன்னாலேயே மறுபடி மேலே போவாள். பார்க்கிற நமக்குத்தான் மூச்சு முட்டும். அவள் முகமோ சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிறவள் முகம் போல இருக்கும்.

நம்பிராஜன் வள்ளியூரில் பந்தல் காண்ட்ராக்டர். வள்ளியூர்க் காற்றைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. கல்யாணப் பந்தலானாலும் கட்சிப் பந்தலானாலும், துணியைக் காற்று தூக்கிக்கொண்டு போகாமல் கட்டிவைப்பதுதான் அவர் பிழைப்பு.

சிப்பிமுனைக் கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போட வந்த இடத்தில்தான் அவளைப் பார்த்தார்.

இத்தனை காலமும் தான் கயிறு போட்டுக் கட்டிவைத்த அதே துணியை ஒருத்தி காற்றுக்குக் கொடுத்துவிட்டு, அதோடேயே போகிறாள்.

பாதி முடிச்சோடு கயிற்றை விட்டுவிட்டுக் கரைக்கு நடந்தார். அன்றைக்குப் பந்தல் விழாதது அவர் அதிர்ஷ்டம்.

வீட்டில் செண்பகவல்லி சிரித்தாள். "போங்க, போங்க. வீட்டுல நான் உங்க பேச்சைக் கேக்கேனா? அங்கனயாவது காத்து கேக்கட்டும்."

அவர் போனார். சலேத்தின் முதல் சீடன் லிகோரி கழிமுகத்துத் தண்ணீரில் வைத்து அவருக்கு அடிப்படை எல்லாம் சொல்லிக்கொடுத்தான். நிற்கப் பழகினார். விழப் பழகினார். போகவும் திரும்பவும் பழகினார். இனி அலை. அதை மாஸ்டர்தான் சொல்லித்தரவேண்டும்.

மாஸ்டரிடம் சேர ஒரு முறை இருந்தது. சிபாரிசு செல்லாது. கெஞ்சல் செல்லாது. சீடனாக வருகிறவன் ஓர் இடம் கொண்டுவரவேண்டும். காற்றும் அலையும் சேர்ந்து நன்றாக அமைந்த, அதுவரை யாரும் பாய் விரித்து ஓட்டாத ஒரு கடற்கரை. அவள் வந்து பார்ப்பாள். நல்ல இடம் என்றால் அன்றிலிருந்து அவன் சீடன். அந்த இடத்துக்கும் அவன் பெயர்.

அப்படித்தான் லிகோரி வளைவு வந்தது. எங்கெங்கிருந்தோ வருகிறவர்கள்கூட "லிகோரி வளைவு எங்க இருக்கு?" என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். லிகோரி டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி வழி சொல்வான்.

நம்பிராஜனும் ஒரு பெயரை மனசுக்குள் வைத்திருந்தார். பைக்கில் போகும்போது, ஹெல்மெட்டுக்குள், யாருக்கும் கேட்காமல் அதைச் சொல்லிப்பார்ப்பார்.

நம்பிராஜன் முனை.

நன்றாகத்தான் இருந்தது.

*

இடம் கிடைப்பது லேசு என்றுதான் அவர் நினைத்தார். நமக்கு என்ன கடலுக்கா பஞ்சம்?

தேடிப்பார்த்தபோதுதான் தெரிந்தது. காற்று உள்ள இடத்தில் கடல் கிழிந்த துணியாகக் கிடந்தது. அலை ஒழுங்காக வருகிற இடத்தில் காற்று இல்லை. இரண்டும் இருந்த இடத்தில், காற்று கடலிலிருந்து நேரே கரையைப் பார்த்து அடித்து, அலையை எழும்பவிடாமல் அமுக்கியது. காற்று கரையோரமாகப் போகவேண்டும். அலை முனையைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். இரண்டும் ஒரே பொழுதில் நடக்கவேண்டும். ஜாதகப் பொருத்தம் பார்ப்பது இதைவிட எளிது.

அந்த வருஷக் கச்சான் காற்று முடிவதற்குள் ஓர் இடம் கண்டுபிடித்துவிட்டார். கச்சான் என்றால் ஆனி ஆடியில் தென்மேற்கிலிருந்து வீசுகிற காற்று. இந்தப் பக்கத்துக் கடலில் பாய் விரிக்கிறவர்களுக்கு அதுதான் தீபாவளி.

மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு போனார்.

சலேத் கரையில் இறங்கினாள். கடலுக்கு முதுகைக் காட்டினாள். காற்று போகிற திசையில் கரையோரமாக நடக்க ஆரம்பித்தாள்.

"மாஸ்டர், அலை இங்கன இருக்கு!"

அவள் திரும்பவில்லை. நடந்துகொண்டே இருந்தாள். புள்ளியாகி, மறைந்தும் போனாள்.

நம்பிராஜன் பாயும் பலகையுமாக வெயிலில் நின்றார். அவருக்குப் பின்னால் அலை ஒவ்வொன்றும் லட்சணமாக வந்து, யாரும் பார்க்காமல் உடைந்தது.

வெகுநேரம் கழித்து அவள் திரும்பி வந்தாள். ஒரு கையில் செருப்பு. வார் அறுந்து, அடியில் சிப்பி கீறிக் கிழிந்திருந்தது.

"செருப்பு போச்சு அண்ணாச்சி."

"வேற வாங்கித் தாரேன் மாஸ்டர். இடம் எப்படி?"

"இடம் வேண்டாம்."

"செருப்பு அறுந்ததுக்கா?"

"ஆமா."

அவ்வளவுதான் பதில். நம்பிராஜன் அதை வழியெல்லாம் மென்றுகொண்டே வந்தார். வீட்டுக்குப் போய்ச் செண்பகவல்லியிடம் கொட்டித் தீர்த்தார்.

"கடலைத் திரும்பிக்கூடப் பாக்கல. அந்தப் பக்கம் என்ன இருக்கு? வெறும் பாறை. நாம ஓட்டுறது இங்கன, அங்கன பாறை இருந்தா என்ன, மலை இருந்தா என்ன?"

"நல்ல செருப்பா வாங்கிக் குடுங்க" என்றாள் செண்பகவல்லி.

*

அடுத்த வருஷம் கச்சான் பிறந்ததும் மறுபடி கிளம்பினார்.

தெற்கே, தேரி என்கிற செம்மணல் மேட்டைத் தாண்டி, ரோடே முடிந்துபோகிற ஒரு சின்ன ஊர். சிலுவை நட்ட ஒரு சின்னக் குருசடிக் கோயில், கொஞ்சம் வீடுகள், கரையில் ஏற்றிவைத்த படகுகள். ஊருக்குத் தெற்கே கரை ஒரு மூக்கு மாதிரி கடலுக்குள் நீண்டிருந்தது.

நம்பிராஜன் பைக்கை நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து அப்படியே நின்றார்.

மூக்கைச் சுற்றிக்கொண்டு அலை வந்தது. கச்சான் காற்று, கரையோரமாக, கொஞ்சம் கரையிலிருந்து கடலைப் பார்த்தும் அடித்தது. அந்தக் காற்று எதிரே வருகிற அலையை முகத்தில் கைவைத்துத் தாங்கியது. அலை சட்டென்று விழவில்லை. உயரமாக நின்று, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் நிதானமாக உடைந்துகொண்டே போனது.

பந்தல்காரர் கண்ணுக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது. நாலு பக்கமும் கயிறு கட்டி நிறுத்துவதையே பிழைப்பாகக் கொண்டவர். இங்கே காற்று ஒரு கயிறும் இல்லாமல் ஒரு சுவரை நிறுத்திவைத்திருந்தது.

அவருக்கு அழுகை வந்தது. அழுதார். ஹெல்மெட் இருந்ததால் வசதியாகப் போயிற்று.

பிறகு அந்த ஆடி மாசம் முழுக்க வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் அங்கே போனார். தனியாகப் பாய் விரித்தார். அலைமேல் ஏறி ஆட அவருக்குத் தெரியாது. அதைத் தாண்டி உள்ளே போய், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவார். ஒருதரமும் தடங்கல் இல்லை. போனார், வந்தார். இனி மாஸ்டர் வந்து பார்க்கவேண்டியதுதான் பாக்கி.

"ஞாயித்துக்கிழமை போவோம் மாஸ்டர்" என்றார். "அன்னைக்கு யாரும் கடலுக்குப் போகமாட்டாங்க. வலை கிடையாது, படகு கிடையாது. கடல் துடைச்சுவிட்ட மாதிரி இருக்கும்."

அந்தக் கரையில் எல்லாரும் கோயிலுக்குப் போகிறவர்கள். ஞாயிறு அன்றைக்குத் தொழிலுக்குப் போவதில்லை. படகெல்லாம் கரையில், மோட்டாரெல்லாம் வீட்டில்.

சலேத் அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"சரி. ஞாயித்துக்கிழமை."

*

மூன்று பேராகப் போனார்கள். சலேத், லிகோரி, நம்பிராஜன். பூசை முடிந்து, சாப்பாடும் முடிந்து, ஊர் ஓய்ந்திருந்த நேரம். படகு நிழலில் நாலைந்து பேர் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

இந்தத் தரம் சலேத் முதுகைக் காட்டவில்லை. நின்று கடலைப் பார்த்தாள். ஓர் அலை வந்தது. இன்னொன்று வந்தது. அவள் கண் இரண்டும் அதோடேயே போயிற்று.

"நல்லா இருக்கு அண்ணாச்சி" என்றாள். "ரொம்ப நல்லா இருக்கு."

அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை லிகோரியே கேட்டதில்லை. நம்பிராஜனுக்குத் தரை காலில் படவில்லை.

"இறங்குதியளா மாஸ்டர்?"

"இறங்கத்தான வந்தேன்."

அவள் சிவப்பு பனியனைப் போட்டுக்கொண்டாள். பாயைப் பூட்டினாள். தண்ணீர் ஓரம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பினாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுதேன். நான் அலையைத் தாண்டிப் போயி பாயைக் கீழ போட்டுருவேன். பலகையில சும்மா உக்காந்திருப்பேன். கை வைக்கமாட்டேன், கால் வைக்கமாட்டேன்."

"ஏன் மாஸ்டர்?"

"இடம் நல்ல இடமா இருந்தா, கடலே என்னைக் கொண்டாந்து உங்க காலடியில விட்டுரும். நீங்க சும்மா நின்னா போதும்."

"இல்லன்னா?"

"இல்லன்னா சட்டையைக் கழத்தி ஆட்டுங்க. பாயைத் தூக்கிட்டு வந்துருதேன்."

"நீங்களாத் தூக்கமாட்டியளா?"

"இடம் உங்களுதுல்லா? நீங்கதான் சொல்லணும்."

சொல்லிவிட்டுப் பலகையைத் தண்ணீரில் போட்டாள். காற்று பாயை நிறைத்தது. வருகிற அலைகளின்மேல் ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, அவள் போன அழகை என்னவென்று சொல்ல? சீட்டு விளையாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார்கள்.

கடைசி அலையையும் தாண்டினாள். பாய் சாய்ந்தது. தண்ணீரில் விழுந்தது. அவள் பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"உனக்கும் இதையேதான் செஞ்சாங்களா?" என்று நம்பிராஜன் லிகோரியிடம் கேட்டார்.

"ஆமா அண்ணாச்சி. வெளிய சொல்லக்கூடாதுன்னுட்டாங்க."

"என்ன ஆச்சு?"

"நான் நின்னுக்கிட்டே இருந்தேன். பலகை வந்து என் முழங்கால்ல இடிச்சுது."

நம்பிராஜன் வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கால் தண்ணீரில் போய் நின்றார். இடிக்கட்டும்.

*

கொஞ்ச நேரம் அவள் இருந்த இடத்திலேயே இருந்த மாதிரிதான் தெரிந்தது.

பிறகு வடக்கே நகர்ந்தாள். சரி, காற்று அப்படித்தான் போகிறது. நம்பிராஜனும் கரையோரமாக வடக்கே நடந்தார். எங்கே வந்து இடிக்கிறாளோ, அங்கே தான் இருக்கவேண்டுமே.

வடக்கே போகப்போகக் கரை உள்ளே வளைந்துகொண்டது. அவர் கரையோடு உள்ளே போனார். அவள் நேரே போனாள்.

"இப்ப திரும்பும்" என்றார் நம்பிராஜன்.

லிகோரி கண்ணுக்கு மேல் கைவைத்துப் பார்த்தான்.

"அந்தப் பாறையைத் தாண்டினா நீரோட்டம் கரைக்குத் திரும்பும், பாரேன்."

அவள் பாறையைத் தாண்டினாள். நீரோட்டம் திரும்பியது, கடலைப் பார்த்து.

சீட்டாட்டக்காரர்களில் ஒருவர் அருகில் வந்தார். "அந்தத் தங்கச்சி என்ன, தூங்குதா?"

"இல்ல. சும்மா உக்காந்திருக்காங்க" என்றார் நம்பிராஜன்.

"அங்கன சும்மா உக்காந்தா நேரே இலங்கைதான்" என்று அவர் சிரித்தார். சிரித்துவிட்டு, இவர்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நம்பிராஜன் சட்டையின் மேல் பொத்தானைத் தொட்டார். கையை எடுத்துவிட்டார்.

அவசரப்படக்கூடாது. ஓர் இடத்தைப் பற்றி அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வந்துவிடக்கூடாது. அவள் சொன்னாளே, ரொம்ப நல்லா இருக்கு என்று. இவரே எத்தனையோ தரம் போய்விட்டு வந்திருக்கிறார். ஒருநாளாவது திரும்ப முடியாமல் போனதா?

ஒருநாள் தொப்பி விழுந்தது. அதை எடுக்கலாம் என்று பாயைத் திருப்புவதற்குள் அது வெகுதூரம் போயிருந்தது. போடா போ என்று சிரித்துக்கொண்டே கரைக்கு வந்துவிட்டார்.

இதோ இந்தப் பக்கம்தான் போயிற்று.

அவர் போனார், வந்தார் என்றால் பாய் இருந்தது, காற்று இருந்தது. ஒரு கம்பம் உடைந்திருந்தால்? ஒரு கயிறு அறுந்திருந்தால்? கயிறு அறுவதைப் பற்றி அவருக்கு யாராவது சொல்லித்தரவேண்டுமா? போன வருஷம் மாஸ்டர் காற்று போகிற பக்கமே நடந்து, பாறையில் செருப்பு கிழிந்து வந்தது இதைப் பார்க்கத்தான்.

நிமிர்ந்து பார்த்தார். பொழுது சாய்ந்திருந்தது. குருசடிக் கோயில் கொடி சடசடவென்று அடிப்பதை விட்டுவிட்டு, ஒரு தரம் தூக்கி, ஒரு தரம் தொங்கியது.

மற்றதில் அவர் எப்படியோ, காற்று விழப்போகிறது என்பது அவருக்குத் தெரியும். அந்தி நேரத்துக் கச்சான் இப்படித்தான் முதலில் இழுத்துப் பிடிக்கும். பிறகு ஒரேயடியாக விட்டுவிடும். காற்று விழுந்தபிறகு அவள் பாயைத் தூக்கி என்ன ஆகப்போகிறது?

"லிகோரி, படகு?"

"மோட்டார் ஒண்ணுகூடக் கரையில இல்ல அண்ணாச்சி. ஞாயித்துக்கிழமை."

ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தவர் யார் என்று லிகோரி சொல்லவில்லை. நல்ல பையன்.

சிவப்பு பனியன் ஒரு குங்குமப் பொட்டு அளவுக்குப் போய்விட்டது. அலைக்கு அலை மறைந்தது. மறுபடி தெரிந்தது. மறுபடி மறைந்தது.

நம்பிராஜன் பொத்தானைக் கழற்றவில்லை. அதற்கெல்லாம் நேரமில்லை. சட்டையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். பொத்தான்கள் மணலில் தெறித்தன. பக்கத்தில் இருந்த படகின்மேல் ஏறினார். வெற்று மேலோடு நின்று ஆட்டினார்.

சிவப்புப் பொட்டு அசையவில்லை.

"மாஸ்டர்!"

பார்க்கவில்லையோ? படகிலிருந்து குதித்தார். தண்ணீருக்குள் ஓடினார். இடுப்பளவு தண்ணீரில் நின்று, சட்டையைத் தலைக்குமேல் சுற்றிச் சுற்றி ஆட்டினார். பந்தல் வேலையில் ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி ஆள் கூப்பிட்டுப் பழகிய தொண்டை.

"இடம் நல்லாயில்ல! மாஸ்டர்! இடம் நல்லாயில்ல! இந்த இடம் ஆகாது! வந்துருங்க!"

கோயில் பக்கத்திலிருந்து பெண்கள் ஓடிவந்தார்கள்.

"யாரு அது, நம்ம ஊரை நல்லாயில்லன்னு கத்துறது?"

"ஆகாது! ஆகாது! ஆகாது!" என்று நம்பிராஜன் அழுதுகொண்டே கத்தினார். இந்தத் தரம் ஹெல்மெட் இல்லை.

தூரத்தில் ஒரு வெள்ளை, நகம் அளவுக்கு, தண்ணீரிலிருந்து எழுந்தது. பாய்.

*

அவள் வந்ததைப் பற்றி அந்த ஊரில் இன்றைக்கும் பேசுகிறார்கள்.

காற்று செத்துக்கொண்டிருந்தது. இருக்கிற கொஞ்சக் காற்றையும் சிந்தாமல் சேர்த்துப் பிடித்தாள். நேரே கரைக்கு வர முடியாது. காற்றுக்கு எதிராகச் சாய்ந்து தெற்கே போனாள். திரும்பிக் கரைப் பக்கமாக வந்தாள். மறுபடி தெற்கே. ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம், கொஞ்சம் கரைக்குப் பக்கத்தில். சீட்டாட்டக்காரர்கள் கடலில் பிறந்தவர்கள், எளிதில் அசரமாட்டார்கள். அவர்களே வாயில் கை வைத்துக்கொண்டார்கள்.

மூக்குக்கு வெளியே வந்து சேர்ந்தபோது காற்று அநேகமாக நின்றுவிட்டது. பாய் தொய்ந்தது.

அப்போது அலை ஒன்று வந்தது.

அன்றைக்கு வந்ததிலேயே பெரியது அதுதான் என்று லிகோரி சொல்கிறான். காற்று கொடுக்காததை அவள் அலையிடம் வாங்கிக்கொண்டாள். அதன் உச்சியில் நின்றாள். மறுகணம் அதன் முகத்தில் குறுக்கே பாய்ந்தாள். அது அவளுக்குப் பின்னாலேயே உடைந்துகொண்டு வந்தது, அவள் அதற்கு ஒரு சாண் முன்னாலேயே போய்க்கொண்டிருந்தாள். அடியில் வளைந்து, உச்சியில் ஏறி, நுரையைத் தட்டிவிட்டு மறுபடி இறங்கினாள். ஒரே அலை. மூக்கிலிருந்து படகுத்துறை வரைக்கும் அந்த ஒரே அலை. கரையில் ஆண்கள் விசில் அடித்தார்கள். நம் ஊரைக் குறை சொன்னது யார் என்று கேட்டு வந்த பெண்கள், அதை மறந்து கைதட்டினார்கள். லிகோரி குதித்தான், குதித்துக்கொண்டே என்னவோ கத்தினான், என்ன கத்தினான் என்று அவனுக்கே தெரியாது.

நம்பிராஜன் இடுப்பளவு தண்ணீரில் அப்படியே நின்றார். சட்டை கையில் தொங்கியது.

பலகை அவர் பக்கத்தில் வந்து நின்றது. சலேத் இறங்கினாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. முகம் அதே கத்தரிக்காய் முகம்தான்.

அவர் பலகையின் முனையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருமாகக் கரைக்கு இழுத்தார்கள்.

"இடம் நல்லாயில்ல மாஸ்டர்."

"கேட்டுச்சு."

"அவ்வளவு தூரத்துக்கா?"

"வள்ளியூருக்கே கேட்டிருக்கும்."

லிகோரி சிரித்தான். நம்பிராஜனால் சிரிக்க முடியவில்லை. கரையில் விரித்து வைத்திருந்த தன் பாயைக் குனிந்து எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தார். வழக்கமாக ஒரே இழுப்பில் சுருட்டுகிறவர். அன்றைக்குக் கோணல் கோணலாகப் போயிற்று.

"உங்களை அங்கன உக்கார வச்சுட்டு நான் யோசிச்சுக்கிட்டு நின்னேன் மாஸ்டர். முதல்லயே ஆட்டியிருக்கணும்."

சலேத் மணலில் உட்கார்ந்தாள். ஒரு பெண் கொண்டுவந்த வரக்காப்பியை வாங்கிக் குடித்தாள்.

"இனி இடம் பாக்கப் போகமாட்டேன்" என்றார் நம்பிராஜன். "எனக்கு அந்தக் கண்ணு இல்ல. கழிமுகத்துலயே ஓட்டிக்கிடுதேன். அது போதும்."

பாயைத் தோளில் தூக்கிக்கொண்டு பைக்கைப் பார்த்து நடந்தார்.

"அண்ணாச்சி."

நின்றார்.

"கடைசியா ஒரு அலையில வந்தேன்லா? அது எப்படி இருந்துச்சு?"

நம்பிராஜன் திரும்பினார். பதில் சொல்ல வாயைத் திறந்தார். யோசித்தார். கடலைப் பார்த்தார். லிகோரியைப் பார்த்தார். லிகோரியின் முகம் இன்னும் அந்த அலையிலேயே இருந்தது.

"தெரியல மாஸ்டர்" என்றார் வெட்கத்தோடு. "நான் அலையைப் பாக்கல."

"இங்கனதான நின்னிய?"

"நின்னேன். உங்க தலை தெரியுதா, தெரியுதான்னு அதை மட்டுந்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

சலேத் காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"லிகோரி, நாளைக்கு அண்ணாச்சிக்கும் ஒரு அலைப்பலகை எடுத்து வை."